நிலம் பொது, வீடு தனி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற கூட்டத்தின் இறுதியில் காரியதரிசியவர்கள் எழுந்து, புறவழிச் சாலையை அடுத்துள்ள 2 ஏக்கர் 40 சென்டு தர்ம நிலத்தை மனைகளாகப் பிரித்து, வீடற்ற குடும்பங்களுக்குச் சகாய விலையில் கிரயம் செய்து கொடுக்கும் யோசனையை வெளியிட்டபோது, இம்மண்டபத்தில் எழுந்த கரகோஷத்தில் நமது கைகளும் சேர்ந்தே ஒலித்தன. வீட்டுக்குச் சென்று இரவு படுத்த பின்னரே நமக்கு ஒரு சந்தேகம் உண்டாயிற்று. அதை நம்முள்ளேயே அடக்கி வைப்பது முறையன்று என்று கருதி அக்கிராசனாதிபதி அவர்களிடம் தெரிவித்தோம். அவர்களோ, அங்ஙனமாயின் அடுத்த மாதப் பிரசங்கத்தை அதைப் பற்றியே செய்துவிடுங்கள் என்று பணித்துவிட்டார்கள். தர்மம் செய்யப் புகுந்தோரைத் தடுத்தான் என்ற பெயர் நமக்கு வேண்டா. ஆயினும் நாம் கண்ணாரக் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

நமது தகப்பனார் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். 1958-ஆம் ஆண்டில் அவரும் அவரையொத்த உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். ஊருக்கு அப்பால் கிடந்த ஒரு கடலைக் கொல்லையை வாங்கி 84 மனைகளாக அளந்து, மனையொன்று 400 ரூபாய் வீதம் சீட்டுக் குலுக்கி எடுத்துக் கொண்டனர். அந்நாளில் அவ்விடம் செல்லப் பாதை கிடையாது. இரவில் நரி ஊளையிடும். கிணறு வெட்டினர், வேம்பு நட்டனர், சம்பளத்தில் பிடித்தம் செய்து ஓடு வேய்ந்தனர். 84 குடும்பங்களும் ஒரே கவலையுடைய குடும்பங்கள். வாடகை வீட்டுக்காரன் பெட்டி படுக்கையைத் தெருவில் எறிவானே என்ற பயம் அன்றோடு அவர்களை விட்டு நீங்கிற்று. அவ்வளவும் உண்மை, அது பெரிய தர்மம், அதில் ஐயமில்லை.

இன்று அவ்விடத்தில் பழைய குடும்பங்கள் 11. ஏனைய 73 மனைகளிலும் யார் இருக்கின்றனர் என்று கேட்கின், நகைக் கடைக்காரர், தனியார் ஆஸ்பத்திரி, ஜவுளி மொத்த வியாபாரி, பூட்டிய மாளிகை, மறுபடி பூட்டிய மாளிகை. ஒரு சென்டு 12 லட்சம் ரூபாய்க்குக் குறைந்து கிடையாது. நமது தகப்பனார் பாடஞ் சொன்ன அதே பள்ளிக்கூடத்தில் இன்று உபாத்தியாயினியாக இருக்கும் பெண் 18 மைல் தொலைவிலுள்ள வாடகை வீட்டிலிருந்து தினந்தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறார். இதற்கு யாரை நோவது? நம்மையே நோகவேண்டும். 1996-இல் தகப்பனார் காலமான பின், நாமும் நமது தமையனாரும் அவ்வீட்டை ஜவுளி வியாபாரி ஒருவருக்கு விற்றோம். அவர் கொடுத்த தொகையைக் கேட்டு நாம் அடைந்த ஆனந்தத்தை இன்று நினைத்தால் நாணமுண்டாகிறது. வேம்பை மறுநாளே வெட்டினார்கள். கிரயப் பத்திரத்தில் நமது கையொப்பம் இருக்கிறது. பிறர்மேற் குற்றம் சொல்ல நாம் இங்கு நிற்கவில்லை என்பதற்கு அக்கையொப்பமே சாட்சி.

நிற்க. இதில் நிகழ்ந்தது யாது? சற்று நிதானித்துப் பார்ப்போம். வீடு என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவது உண்மையில் இரண்டு பொருள். கீழே மண், மேலே சுவர். சுவர் ஆண்டுதோறும் பழுதாகிறது, ஓடு உடைகிறது, மரம் உளுக்கிறது. ஆகவே சுவருக்கு விலை ஏறுவது அரிது. ஏறுவது மண்ணின் விலை. அது ஏறுவதற்கு மண்ணுக்கு உடையவன் செய்தது பெரும்பாலும் ஒன்றுமில்லை. சர்க்கார் சாலை போட்டது, நகரசபை குழாய் இட்டது, பள்ளிக்கூடம் வந்தது, ஜனங்கள் வந்து நெருங்கினர், விலை ஏறிற்று. ஊரார் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய அம்மதிப்பை விற்கிறவன் ஒருவன் தனியே எடுத்துச் செல்கிறான். அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879-இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898-இல் எழுதியதன் பயனாக, 1903-இல் லெட்ச்வொர்த் என்னும் தோட்ட நகரம், நிலம் முழுவதும் ஒரே பொது உடைமையாயிருக்க மனைகள் குத்தகைக்கு விடப்படும் முறையில் எழுந்தது. அவர்கள் வரலாற்றுக்குள் இன்று நாம் புகவில்லை. அவர்கள் கண்ட பிணிக்குப் பிற்காலத்தார் ஒரு மருந்து செய்தனர். அதுவே நமது பொருள்.

அம்மருந்துக்கு ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி லாண்டு டிரஸ்டு' என்று பெயர். ஊர் நில அறக்கட்டளை என்று நாம் சொல்லுவோம். அதன் அமைப்பு மிகச் சுலபம். நிலம் அறக்கட்டளைக்கு உரியது. அது ஒருபோதும் விற்கப்படாது. அந்நிலத்தின் மேலுள்ள வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். அதை அவர்கள் விலை கொடுத்து வாங்குகின்றனர். மண்ணுக்குப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைச் சீட்டு எழுதிக் கொள்ளுகின்றனர். அச்சீட்டு பிள்ளைகளுக்கு வாரிசாக இறங்கும்; தவணை முடிந்தால் புதுப்பிக்கப்படும். மாதந்தோறும் ஒரு சிறு தரைவாடகை உண்டு. குடும்பம் அவ்விடத்தை விட்டுப் போக விரும்பின் வீட்டை விற்கலாம். ஆனால் சீட்டில் முன்னமே எழுதிய கணக்கின்படி, அறக்கட்டளைக்கோ அது காட்டும் வேறொரு எளிய குடும்பத்துக்கோ விற்கவேண்டும்.

இதைக் கேட்டவுடன் நம்மில் வயது முதிர்ந்தோர், இது நாம் அறிந்ததுதானே என்று புன்னகை செய்வார்கள். ஆம், அடிமனை முறையை அறியாத தமிழன் யார்? கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மனை சுவாமிக்குச் சொந்தம், மேல்கட்டடம் குடியிருப்பவனுக்குச் சொந்தம் என்றிருக்கும் வீடுகள் எத்தனை! பிறர் மனையில் தன் செலவிற் கட்டிக்கொண்டவனை வெறுங்கையனாக வெளியேற்றலாகாது என்பதற்காகவே சென்னையில் 1921-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டது. ஆகையால் மண் வேறு, சுவர் வேறு என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. ஆனால் அடிமனைக்குடியின் குறை யாதென்று அவ்வீடுகளில் இருப்பவரைக் கேளுங்கள். மனையை நிர்வகிக்கும் இடத்தில் அவனுக்கு ஒரு வாக்கும் இல்லை. சந்தை மதிப்பை ஒட்டித் தரைவாடகை ஏறும்போது அவனைக் கேட்பார் இல்லை. மேல்கட்டடத்தை அவன் விற்கும் விலைக்கு ஒரு வரம்பும் இல்லை. நல்ல தெருவானால் அடிமனை மேலுள்ள ஓட்டு வீடும் பெருவிலைக்கே போகிறது. இம்மூன்றையும் திருத்தி அமைத்ததே ஊர் நில அறக்கட்டளை. அதன் நிர்வாக சபையில் மூன்றிலொரு பங்கு அந்நிலத்தில் குடியிருப்போர், மற்றொரு பங்கு அக்கம்பக்கத்து ஊரார், எஞ்சிய பங்கு பொதுநலம் கருதும் வேறு பிறர் என்பது வழக்கமாக வந்த ஏற்பாடு. குடியிருப்போர் மட்டும் இருந்தால் நாளைக்குக் கூடி நிலத்தை விற்றுப் பங்கிட்டுக் கொள்வர்; வெளியார் மட்டும் இருந்தால் ஜமீன்தாரி ஆகிவிடும். ஒருவரையொருவர் காவல் காக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இவ்வேற்பாட்டின் பிறப்பை ஆராயப் புகுந்தபோது நமக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. அதன் வேர்களில் ஒன்று நம் தேசத்து மண்ணிலிருந்து சென்றது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி தெலுங்கானத்திலுள்ள போச்சம்பள்ளியில் வினோபா பாவே அவர்கள் தங்கியிருந்தபோது, நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பத்தார் 80 ஏக்கர் நிலம் கேட்டனர். கூட்டத்திலிருந்த இராமச்சந்திர ரெட்டியார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அன்று பிறந்தது பூதானம். வினோபா தேசமெங்கும் கால்நடையாய் நடந்தார். 1956-57-இல் தமிழ்நாட்டிலும் நடந்தார். ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஒரு கசப்பான உண்மை தெரிய வந்தது. நிலம் பெற்ற ஏழை, ஏரும் மாடும் விதையும் இல்லாமையால் கடன் வாங்கினான்; கடனுக்கு அந்நிலத்தையே இழந்தான். கொடுத்த கை எடுக்குமுன் எடுத்த கை வேறாயிற்று. ஆகவேதான் பூதானம் கிராமதானமாக மாறிற்று. நிலத்தின் பாத்தியதை கிராம சபைக்கு, உழுது பயிரிடும் உரிமை குடும்பத்துக்கு என்பது கிராமதானத்தின் கருத்து. நமது மதுரை ஜில்லாவில் ஜெகந்நாதன் அவர்களும் அவருடைய மனைவியார் கிருஷ்ணம்மாள் அவர்களும் அதற்காக உழைத்த உழைப்பைப் பெரியோர் அறிவர்.

இச்செய்தி கடல் கடந்து சென்றது. ராபர்ட் ஸ்வான் என்பவர் தொழிலால் தச்சர், வீடு கட்டுபவர். இரண்டாவது உலக யுத்தத்தில் படையிற் சேர மறுத்துச் சிறை சென்றவர். அவர் கிராமதானத்தின் கருத்தைப் படித்து அதைத் தம் தேசத்துக்கு ஏற்கச் செய்ய எண்ணினார். அதே காலத்தில் ஜார்ஜியா மாகாணத்தின் தென்மேற்குப் பகுதியில், நீக்ரோ ஜனங்களின் வாக்குரிமைக்காகப் போராடி வந்தவர்களுக்கு ஒரு பெரிய இடர் நேர்ந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவு செய்துகொண்ட வாரக்குடிகளை நிலக்காரர்கள் வீட்டினின்றும் வெளியேற்றினார்கள். இருந்த குடிசை நிலக்காரனுடையது, உழுத நிலம் அவனுடையது, கடன் கணக்கும் அவனுடைய பெட்டியில். காலடி மண் பிறனுடையதாயின் வாக்குச் சீட்டும் பிறனுடையதே என்பதை அவர்கள் அனுபவத்திற் கண்டனர். சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட், ஸ்லேட்டர் கிங் முதலியோர் ஸ்வானுடன் சேர்ந்து ஆலோசித்தனர். 1968-இல் ஒரு சிறு குழுவினர் இஸ்ரேல் தேசஞ் சென்று, பொது நிலம் நீண்ட காலக் குத்தகைக்கு விடப்படும் விதத்தைப் பார்த்து வந்தனர். 1969-இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு சுமார் 5,700 ஏக்கர் நிலம் அதன் வசமாயிற்று. அந்நாளில் அத்தேசத்துக் கறுப்பு மக்கள் உடைமையாயிருந்த நிலப்பரப்புகளில் அதுவே பெரியது.

அதன் பின் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அநுமதியுங்கள். நமது யோசனைக்கு வேண்டிய எச்சரிக்கை அதிலேதான் இருக்கிறது. நிலம் முழுதும் கடனில் வாங்கியது. வீடுகளும் பள்ளிக்கூடமும் கட்ட வரவேண்டியிருந்த சர்க்கார் உதவி, மாகாண கவர்னரின் எதிர்ப்பால் வராமற் போயிற்று. அவர்கள் மனந்தளரவில்லை, சோளமும் நிலக்கடலையும் திராட்சையும் பயிரிட்டனர், பன்றி வளர்த்தனர், சாலையோரத்தில் காய்கறிக் கடை வைத்துக் கடனைக் கட்டி வந்தனர். 1970-களின் நடுவில் மழை பொய்த்தது. பஞ்ச காலக் கடனுக்கு மத்திய சர்க்காரின் விவசாயக் கடன் இலாகாவை அண்டியபோது, அண்டை அயல் வெள்ளை விவசாயிகளுக்கு எளிதிற் கிடைத்த கடன் இவர்களுக்கு நாள் கடத்தப்பட்டது. 1985-இல் நிலம் முழுவதும் கடனுக்குப் பறிபோயிற்று. கறுப்பு விவசாயிகள் தொடுத்த பெரிய வழக்கொன்றின் பயனாக 2009-இல் அவர்களுக்குச் சுமார் 1 கோடி 20 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தீர்ப்பாயிற்று. அத்தொகையைக் கொண்டு 2011-இல் முன்னொரு காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பிரபு ஒருவரின் பண்ணையாயிருந்த 1,638 ஏக்கரை வாங்கினர். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அப்பண்ணைக்கு உடையவராயினர். 24 ஆண்டு காத்திருந்து பெற்ற நியாயம். இடையில் எத்தனை பேர் காணாமலே கண் மூடினர்!

இதிலிருந்து நாம் தெளிவது யாதெனில், நிலத்தைப் பொதுவில் வைத்தால் உடையவன் விற்றுவிடும் பயம் ஒழியும். ஆனால் கடன்காரன் பயம் ஒழியாது. அடிமண்ணின் மேல் ஒரு காசுக் கடனும் ஏறாதிருந்தால்தான் 'என்றென்றும்' என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. நமது நிலமோ வில்லங்கமற்றது. தர்மம் செய்த அம்மையார் கடனின்றிக் கொடுத்தார். ஜார்ஜியாக்காரருக்குக் கிட்டாத பாக்கியம் நமக்குக் கையில் இருக்க, அதைச் சகாய விலைக்குத் துண்டு போடுவதா என்பதே நமது சந்தேகம். கிராமதானத்தின் குறை வேறு. கூட்டத்தில் கை தூக்கிய கிராமங்கள் பல. பத்திரம் மாறிய கிராமங்கள் சில. உற்சாகம் காகிதத்தில் ஏறவில்லை. ஏறிய இடத்திலும் பின்னர் நின்று பார்ப்பார் இல்லை.

இனி, நன்றாக நடக்கும் இடமொன்றையும் பார்ப்போம். அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மாண்டு மாகாணத்தில் ஏரிக்கரையிலுள்ள சிறு நகரம் பர்லிங்டன். 1984-இல், பெர்னி சாண்டர்ஸ் என்பவர் நகரசபைத் தலைவராயிருந்த காலத்தில், நகரசபை 200,000 டாலர் மூலதனம் அளித்து ஓர் ஊர் நில அறக்கட்டளை தொடங்கச் செய்தது. 2006-இல் அது வேறொரு வீட்டு ஸ்தாபனத்துடன் இணைந்து 'சாம்ப்ளெயின் ஹவுசிங் டிரஸ்டு' ஆயிற்று. இன்று நூற்றுக்கணக்கான சொந்த வீடுகளும் ஆயிரக்கணக்கான வாடகை வீடுகளும் அதன் பராமரிப்பில் இருக்கின்றன. 2008-இல் உலக வாழிடப் பரிசும் அதற்குக் கிடைத்தது. அவர்கள் விற்பனைக் கணக்கை நம் ரூபாயில் வைத்து விளக்குவோம். மனையும் வீடும் சேர்ந்து 40 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனையின் 15 லட்சத்தை அறக்கட்டளை தாங்குகிறது. குடும்பம் 25 லட்சம் கொடுத்து வீட்டைப் பெறுகிறது. பத்தாண்டு கழிந்து இரண்டும் சேர்ந்து 60 லட்சம் பெறுகின்றன. ஏறியது 20 லட்சம். அதில் கால் பங்கு, அதாவது 5 லட்சம், விற்கும் குடும்பத்துக்கு. தாம் போட்ட 25 லட்சத்துடன் சேர்த்து 30 லட்சம் பெற்றுச் செல்வர். இடையில் அறை சேர்த்துக் கட்டியிருந்தால் அதற்கும் தனியே மதிப்புண்டு. அடுத்து வரும் எளிய குடும்பம் 60 லட்சம் பெறும் வீட்டை 30 லட்சத்துக்கு வாங்குகிறது. முதலில் இட்ட தர்மம் முதற் குடும்பத்தோடு வெளியேறாமல் அவ்வீட்டிலேயே தங்கி, மூன்றாவது குடும்பத்துக்கும் நான்காவது குடும்பத்துக்கும் பயன்படுகிறது.

நாம் 1996-இல் விற்றபோது இக்கணக்கு இருந்திருப்பின் நமக்குக் கிடைத்த தொகை மிகக் குறைந்திருக்கும். உள்ளதைச் சொன்னால் நாம் முணுமுணுத்தும் இருப்போம். ஆயினும் அந்த உபாத்தியாயினி நடந்தே பள்ளிக்கூடம் வந்துகொண்டிருப்பார்.

வீடு வாங்கியவர் கடனில் மூழ்காதிருக்கும் காவலும் இதில் உண்டு. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டை ஒட்டி வீட்டுக் கடன் நெருக்கடி உண்டாகி, லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். 2010-ஆம் ஆண்டு முடிவில் எடுத்த கணக்கின்படி, பொதுச் சந்தையில் 100 கடனுக்கு 4.63 கடன் வீட்டைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கைக்கு உட்பட்டிருக்க, இவ்வறக்கட்டளை வீடுகளில் அது 0.46 மட்டுமே. கடன் வாங்குமுன் அதன் ஷரத்துக்களை அறக்கட்டளையார் வாசித்துப் பார்க்கின்றனர். தவணை தவறினால் வீட்டுக்கு வந்து விசாரிக்கின்றனர். பழுது பார்க்கப் பணமில்லாமல் கூரை ஒழுகும் வீடுகளுக்குக் கைகொடுக்கின்றனர். வீட்டைக் கொடுத்தபின் திரும்பிப் பாராத தர்மத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுவே.

புதிதாய் வீடு கட்டுவதற்கு மட்டுமே இம்முறை பொருந்தும் என்று நினைக்கவேண்டா. போர்ட்டோரிக்கோ தீவின் தலைநகராகிய சான் ஹுவானில் மார்ட்டின் பெனியா என்னும் கால்வாய் இருக்கிறது. நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் அதன் கரைச் சதுப்பில் குடிசை போட்டு, பல தலைமுறையாய் வசித்தனர். கால்வாயைத் தூர் வாரும் திட்டம் வந்தபோது அவர்கள் மகிழ்ந்தனர். உடனே அஞ்சியும் போயினர். நீர் சுத்தமானால் கரைக்கு விலை ஏறும். விலை ஏறினால் தமக்கு அங்கு இடமிராது. நம் கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தோர் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட கதையை அறிந்த நமக்கு அந்த அச்சத்தை விளக்க வேண்டுவதில்லை. சான் ஹுவான் மக்கள் தெருத்தெருவாய்க் கூடிப் பேசி, 2004-இல் ஒரு சட்டம் பெற்றனர். கரையிலுள்ள சுமார் 200 ஏக்கர் அவர்களுடைய அறக்கட்டளைக்கு மாறிற்று. 2009-இல் வேறொரு சட்டத்தால் அந்நிலம் பறிக்கப்பட்டது. விடாது போராடி 2013-இல் மீட்டனர். கரையை விட்டு அவர்கள் அகலவில்லை.

நிற்க. நண்பர் ஒருவர் நம்மிடம், 99 ஆண்டுக் குத்தகை சிங்கப்பூரில் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்றார். நம்மவர் பலர் அவ்வீடுகளில் வசிப்பதால் கேட்கத்தக்க கேள்வியே. அங்கு 1960-இல் ஏற்பட்ட வீடமைப்புக் கழகம் பெரும்பான்மை ஜனங்களுக்கு வீடளித்த பெருமை மறுக்கற்பாலதன்று. நிலமும் சர்க்காருடையதே. ஆனால் ஐந்தாண்டு வசித்தபின் சந்தை விலைக்கு விற்கலாம் என்பது நெடுங்காலம் அங்கு நிலவிய பொது விதி. ஆகவே பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விலைபோகும் வீடுகளும் உண்டாயின. 2021 முதல் சிறந்த இடங்களிலுள்ள புது வீடுகளுக்கு அச்சர்க்காரே மறுவிற்பனைக் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கி, விற்கும்போது உதவித் தொகையில் ஒரு பங்கைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்திருக்கிறது. குத்தகை மட்டும் போதாது. மறுவிற்பனைக்கு எழுதும் வரியே உயிர்.

அவ்வரியைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடலாமே என்று காரியதரிசியவர்கள் கேட்கக்கூடும். அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 10-ஆம் பிரிவின்படி, ஒருவருக்குச் சொத்தை முழு உரிமையாய்க் கொடுத்துவிட்டு, நீ இதை யாருக்கும் மாற்றவே கூடாது என்று முழுத்தடை எழுதினால் அத்தடை செல்லாது. ஆனால் அதே பிரிவு குத்தகைக்கு விலக்களித்திருக்கிறது. குத்தகை கொடுத்தவர் நன்மைக்காக எழுதும் நிபந்தனை செல்லும். ஆகவே மண்ணைக் கிரயம் செய்தோமானால் நமது நல்லெண்ணம் ரிஜிஸ்திரார் கச்சேரி வாசலிலேயே நின்றுவிடும். குத்தகைக்கு விட்டோமானால் தொடர்ந்து வரும். முத்திரைச் செலவு உண்டு. குத்தகை மனையின் மேல் கட்டும் வீட்டுக்குக் கடன் தரப் பாங்கிக்காரர் முதலில் தயங்குவர் என்பதும் உண்மை. அதற்காக இரண்டு பாங்கிகளுக்கு நடக்கவேண்டும், நல்ல வக்கீல் ஒருவரை அமர்த்தவேண்டும். நடப்பதற்கு நமக்கு இன்னும் கால்கள் இருக்கின்றன.

சொந்தம் என்றால் முழுச் சொந்தமாயிருக்க வேண்டும், விற்பதற்குக் கணக்குச் சொன்னால் அது சொந்தமா என்று வாலிபர் சிலர் கேட்டனர். அவர்களை நாம் குறை கூறோம். வேலைக்காக நாளை வேறூர் போகவேண்டியவர்கள். போகுமிடத்தில் சந்தை விலைக்கே வீடு வாங்கவேண்டியவர்கள். கால் பங்கு லாபம் அங்கே எம்மட்டு? இக்கேள்விக்கு முழு விடை நம்மிடம் இல்லை. பங்கு காலாயிருக்கலாம், மூன்றிலொன்றாயிருக்கலாம். கமிட்டியார் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஆனால் இன்று வாடகைக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுத்து, சேமிப்பு ஒன்றுமின்றி, பதினோரு மாதத்துக்கொருமுறை ஒப்பந்தச் சீட்டைப் பார்த்து நடுங்கும் குடும்பத்தை அருகில் வைத்து இக்கேள்வியைக் கேட்கவேண்டும். அக்குடும்பத்துக்குப் போட்ட முதல் திரும்புகிறது, மேலும் ஒரு பங்கு சேர்கிறது, இருக்கும் வரை எழுப்புவார் இல்லை. இதனை அற்பமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இன்னும் ஒரு விஷயம். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கலாம்; பொறுத்தருள்க. அவ்வீடுகள் நம்மவருக்கு மட்டும் என்று இருக்கவேண்டும் எனச் சென்ற கூட்டத்தில் இரண்டு பேர் பேசினார்கள். நாம் அம்மையாரின் உயில் நகலை வாங்கி வாசித்தோம். அதில் 'வீடில்லாத ஏழைகளின் உபயோகத்துக்கு' என்றே இருக்கிறது. ஜாதி குறித்து ஒரு சொல்லும் இல்லை. அவ்வம்மையார் நமது சமூகத்தவர்தாம். வேண்டுமென்றிருந்தால் எழுதத் தெரியாதவர் அல்லர். மேலும், நாம் கூறிய நிர்வாக சபையில் அக்கம்பக்கத்து ஊராருக்கு மூன்றிலொரு பங்கு உண்டு. அவர்களைக் காவலுக்கு அழைத்துவிட்டு, குடியிருக்க வராதே என்று எப்படிச் சொல்வது? ஜார்ஜியாவில் குடிசையினின்று வெளியேற்றப்பட்டவர் கதையைக் கேட்டு இப்போது இம்மண்டபத்தில் தலையசைத்தீர்கள். நாம் யாரையும் வெளியேற்றவில்லை; உள்ளே விடாதிருக்கிறோம், அவ்வளவே என்று சொல்லிக்கொள்வது எளிது. சங்கத்தின் பெயர் அந்நிலத்தின் பலகையில் இருக்கட்டும். அதில் நமக்கு ஆட்சேபமில்லை.

நமது வேண்டுகோள் இவ்வளவே. மனைப் பிரிவு நக்ஷாவுக்கு நகரசபையில் விண்ணப்பம் போடுவதைக் கமிட்டியார் மூன்று மாதம் நிறுத்தி வைக்கவேண்டும். அதற்குள் வக்கீல் ஒருவரைக் கொண்டு குத்தகைச் சீட்டு நகலொன்று தயாரிக்கலாம். அடிமண் அடமானத்துக்கு உட்படாது என்பது அதன் முதல் ஷரத்தாயிருக்கட்டும். மறுவிற்பனைக் கணக்கை வாய்ப்பாடாக அல்லாமல் எட்டாம் வகுப்புப் படித்தவரும் விளங்கிக் கொள்ளும்படி உதாரணத்தோடு எழுதவேண்டும். பின்னாளில் வழக்கு வருவதெல்லாம் விளங்காத வரியிலிருந்துதான். வக்கீல் கட்டணத்தில் பாதியை நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம். 1996-இல் வாங்கிய பணத்தில் இன்னும் சிறிது மீந்திருக்கிறது.